செத்தவன் பிடி

அத முதல்லயே எழுதிக்குங்க சார். நான் அங்க இல்ல. என் கண்ணால எதையும் பாக்கல. கோஸ்மாஸ் மாமா எங்கம்மாகிட்ட சொன்னாரு, எங்கம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுல எங்கிட்ட சொன்னா, அதத்தான் நான் இப்ப உங்ககிட்ட சொல்றேன். கேள்விப்பட்டதுன்னு எழுதுங்க. பாத்ததுன்னு எழுதிராதீங்க. நாளைக்கு எவனாவது வக்கீல் வந்து, ஏம்மா அசிமினா, நீ அந்த இடத்துல இருந்தியாம்மான்னு கேட்டா நான் முழிக்கக் கூடாது.

எழுதிட்டீங்களா? காட்டுங்க. ம். சரி.

உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. எங்க மேடம் பொலிக்ஸேனி நோட்டரி ஆபீசுக்குப் போயிருக்காங்க, வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள இந்தக் காகிதத்துல என் கையெழுத்த வாங்கிட்டுப் போயிரலாம்னு வந்திருக்கீங்க. தெரியுது. ஒரே ஒரு வரிதான். பெராமா கப்பல் பட்டறை, மூணாம் மேடை வின்ச் மேல இருக்கற தகட்டு வாசகம் இங்கிலீஷ்லேருந்து கிரேக்கத்துக்குச் சரியா மொழிபெயர்க்கப்பட்டிருக்கு. மொழிபெயர்த்தவர் அசிமினா கலூதி. தேதி, கையெழுத்து, முடிஞ்சுது.

சரியாத்தான் சார் இருக்கு. அதுதான் என் கோவமே.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆமா, அதே கலூதிதான். உங்க ஃபைல்ல அடிபட்டவர்னு போட்டிருக்கற ஆர்கிரிஸ் கலூதிஸ் எங்கப்பா. இப்பத்தான் பேரக் கவனிக்கறீங்களா? ஒரு வாரமா ஃபைலக் கையில வச்சிருக்கீங்க! எங்கப்பாவோட வலது கை மணிக்கட்டுக்குக் கீழ இல்லாம போய் ஒம்பது நாளாச்சு, தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துலேருந்து வந்த அதிகாரிக்கு ரெண்டு பேரச் சேத்துப் படிக்க நேரமில்ல.

இல்ல, மன்னிப்பெல்லாம் வேணாம். உங்க மன்னிப்ப வச்சு நான் என்ன பண்ண.

நான் இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தகடு இருந்துது. தகட்டுல தெளிவா எழுதியிருந்துது. அதையும் மீறிக் கைப்பிடியக் கட்டிப் போட்டது கோஸ்மாஸ். அப்ப குத்தவாளி யாரு, கோஸ்மாஸ். பட்டறை முதலாளி கையக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிருவான். முப்பத்தோரு வருஷமா எங்கப்பாவோட ஒரே வடத்தப் புடிச்சு இழுத்த மனுஷன், எங்கப்பா கையப் பறிச்சவன்னு கோர்ட்டுல நிப்பாரு. அவரு எனக்கு யாரு தெரியுமா? ஞானத்தகப்பன். பாதிரியார் என்னை மூணு தரம் தண்ணியில முக்கி எடுத்ததும், துண்ட விரிச்சு வாங்கி, அசிமினான்னு பேர் சொன்னவரு.

அதனால காபியக் குடிங்க. ஆறிட்டிருக்கு. நான் சொல்றதக் கேட்டுட்டுத்தான் போறீங்க.

இங்கிலீஷ்காரன் இருக்கானே சார், அவனுக்குச் சொல்ல ஒட்டத் தெரியாது. பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வைப்பான், அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்புல நிக்கற ஆளுங்க மாதிரி. நாலு சொல்லு வரிசையா நிக்கும், ஒண்ணு மொகத்த ஒண்ணு பாக்காது. யாரு யாருக்கு என்ன வேணும்னு சொல்லவே மாட்டான். நம்மகிட்ட அது நடக்குமா? நம்ம மொழி ஊர்க் கிழவிங்க மாதிரி. புதுசா எவன் வந்தாலும் வாசல்லயே நிறுத்தி, நீ யாரு வீட்டுப் பையன்னு கேட்டுட்டுத்தான் உள்ள விடும். இன்னாரோட இன்னதுன்னு உறவு சொல்லணும். இல்ல, நடுவுல ஒரு ஓ போட்டு ரெண்டையும் ஒட்டி ஒரே ஆளாக்கணும். அதுக்குத்தான் சார் நான் கோர்ஃபுவுல நாலு வருஷம் படிச்சேன். எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆள் நான். எங்க தெருவுலயே முதல் ஆள்னு எங்கம்மா சொல்லுவா. அது பொய், பேக்கரிக்காரர் பையன் ஒருத்தன் பல் டாக்டருக்குப் படிச்சான். ஆனா சொல்லுவா.

கப்பல்ல ஏறினா அவன் மொழி இன்னும் மோசம். மிருகக்காட்சி சாலை. கொதிகலனுக்குப் பேரு கழுதைக் கொதிகலன். குழாய் வளைஞ்சா வாத்துக் கழுத்து. சாயங்காலக் காவலுக்கு நாய்க் காவல். எல்லாத்துக்கும் உச்சியில இருக்கற தட்டுக்குப் பேரு என்ன தெரியுமா? குரங்குத் தீவு. வேலைக்குச் சேந்த முதல் வாரம் நான் அந்தத் தீவ வரைபடத்துல தேடினேன். சிரிக்காதீங்க! இந்துமாக்கடல்ல ஒண்ணக் கண்டுபுடிச்சு, அட்சரேகை தீர்க்கரேகையோட குறிச்சு வச்சிருந்தேன். மேடம் வந்து பாத்தாங்க. பால்கனிக்குப் போய் ஒரு சிகரெட் முழுசாக் குடிச்சாங்க. திரும்பி வந்து, ஏம்மா, கப்பல் மேல ஒரு தீவு எப்படிம்மா ஏறும், கீழ துறைமுகம் இருக்கு, இறங்கிப் போய் எவனையாவது கேளுன்னாங்க.

அது இந்த ஆபீஸ் சட்டம் சார். எழுதிக்குங்க, இது கேள்விப்பட்டது இல்ல, நான் பாத்தது. எங்க சொல் பட்டியல்ல மூணு கட்டம். முதல் கட்டம் இங்கிலீஷ். ரெண்டாவது கிரேக்கம். மூணாவது கட்டத்துல யாரக் கேட்டன்னு எழுதணும். மெஷின் சொல்லுன்னா கையில கிரீஸ் ஒட்டுன ஒரு ஆளோட பேரு அங்க இருக்கணும். மீன் வலைன்னா மீன்காரன். அடுப்புன்னா சமையக்காரன். எங்க ஆபீஸ்ல எல்லாரும் இந்தக் கட்டத்துக்காகக் காபிக் கடை காபிக் கடையா அலைவாங்க. வின்ச் ஓட்டறவன் யாராவது தெரியுமா, வின்ச் ஓட்டறவன் யாராவது தெரியுமான்னு.

நான் வாயத் தொறந்ததில்ல.

ஏன்னு கேக்கறீங்க. சொல்றேன். இந்த வேலைக்கு இண்டர்வியூ வந்தன்னைக்கு மேடம் கேட்டாங்க, அப்பா என்ன பண்றாருன்னு. கப்பல்லன்னேன். பிரேயஸ்ல உக்காந்துக்கிட்டு, நல்ல கோட்டு ஒண்ணு போட்டுக்கிட்டு, அதுவும் இரவல் கோட்டு, எங்கப்பா கப்பல்லன்னு சொன்னா எதிர்ல இருக்கறவங்க என்ன நெனைப்பாங்க? நாலு கப்பல் சொந்தமா ஓடுதுன்னு நெனைச்சாங்க. மறுநாள்லேருந்து எனக்குப் பேரே கப்பல்காரர் பொண்ணு. கப்பல்காரர் பொண்ணே, இன்னைக்கு காபி உன் கணக்குன்னு கேலி பண்ணுவாங்க. நான் பொய் சொல்ற ஆள் இல்ல சார். பொய் சொன்னா எனக்கு வயித்த வலிக்கும், நெஜமாவே. நான் பொய் சொல்லல. திருத்தல, அவ்வளவுதான். நாலு நாள் ஆச்சுன்னா திருத்தறது கஷ்டம். நாலு மாசம் ஆச்சுன்னா முடியாது. அதுக்கப்புறம் எங்கப்பா ஒருநாள் மீன் பொட்டலத்தோட என்னைப் பாக்க இந்தப் படியேறி வந்துருவாரோன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அவரு வரவேயில்ல. நான் வரச் சொல்லல, அவரு வரல.

விஷயத்துக்குத்தான் வர்றேன். அவசரப்படாதீங்க.

நவம்பர் கடைசியில, வடத்த உருளையில சுத்தி இழுக்கற அந்த வின்ச் வந்துது. நார்வேயில ஏதோ பட்டறை மூடும்போது பழசு வாங்கினது. தகடு இங்கிலீஷ்ல இருந்துது, கிரேக்கத்துல போடணும்னு சட்டம். ரெண்டே வரி. முதல் வரி டெட் மேன்ஸ் ஹேண்டில். செத்தவன் பிடி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். பிடியப் புடிச்சிருக்கற வரைக்கும் உருளை சுத்தும். விட்டா நிக்கும். புடிச்சிருக்கறவன் மாரடைப்புல செத்து விழுந்தாக்கூட கை தானா விட்டுப்போகும், மெஷின் தானா நின்னுரும். அதனால அந்தப் பேரு. செத்தவன் காப்பாத்தறான். இங்கிலீஷ்காரன் மூளை.

அகராதியில அப்படியே இருக்கு. உருளை மாதிரி வழவழன்னு நல்ல கிரேக்கம். குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. நான் அதையே போட்டேன்.

பெராமாவுல அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாதா? தெரியும் சார். அதுக்குப் பேரு அம்மா. பட்டறையில ஒருத்தனும் அத வேற பேரு சொல்லிக் கூப்பிட மாட்டான். அம்மாவப் புடி, அம்மாவ விட்டுராத, அம்மாவ விட்டா எல்லாம் நின்னுரும். நான் ஆறு வயசுல ரோட்டத் தாண்டும்போது எங்கப்பா கைய நீட்டி, அம்மாவப் புடிச்சுக்கடீம்பாரு. எங்கம்மா வீட்டுல இருப்பா. நான் அந்தக் கையத்தான் அம்மான்னு நெனைச்சுப் புடிச்சுக்கிட்டேன். கிரீஸ் மணக்கும். அந்தக் கைதான் இப்ப...

இல்ல, தண்ணி வேணாம்.

நான் ஏன் அம்மான்னு எழுதல? எழுதியிருக்கலாம். பிடின்னு போட்டு, கீழ சின்னதா அம்மான்னு போட்டிருக்கலாம். மேடம் ஏத்துக்கிட்டிருப்பாங்க, கைதட்டியிருப்பாங்க. ஆனா மூணாவது கட்டத்துல பேரு எழுதணுமே. யாரக் கேட்டன்னு கேப்பாங்களே. ஆர்கிரிஸ் கலூதிஸ், வின்ச் ஆளுன்னு எழுதணும். கப்பல்காரர் பொண்ணு எழுதணும்! நான் மூணாவது கட்டத்துல அகராதியோட பேர எழுதினேன். மேடம் பாத்தாங்க. அகராதி கையில கிரீஸ் ஒட்டாதேம்மான்னாங்க. ஆனா அன்னைக்கு டிசம்பர் மூணு. ஆறாம் தேதி, கடல்ல போறவங்களுக்குக் காவலான புனித நிக்கொலா திருநாள், பட்டறையில பாதிரியார் வந்து மந்திரிக்கறதுக்குள்ள தகடு ஏறணும்னு ஃபோர்மேன் மணிக்கு ஒருதரம் போன் பண்ணிட்டிருந்தான். சரி அனுப்புன்னுட்டாங்க.

ரெண்டாவது வரிய ஒழுங்காத்தான் பண்ணேன். நாலு தரம் பாத்தேன். இதில் வேறு பிரேக் இல்லை, ஒருபோதும் கட்டாதே. அந்த வரி ஏன் முக்கியம்னா, பட்டறையில முன்னால இருந்த பழைய வின்ச்சுல கால்கிட்ட இன்னொரு பிரேக் இருந்துது. அத மிதிச்சா நிக்கும். அதனால நம்ம ஆளுங்க பழைய வின்ச்சுல பிடியத் துணியப் போட்டுக் கட்டிருவாங்க, கை ரெண்டும் சும்மா இருக்கும், வடத்தப் பாத்துக்கலாம், ஏதாவதுன்னா கால மிதிச்சாப் போதும். இருபது வருஷம் அப்படித்தான் பண்ணாங்க. தப்புதான். ஆனா யாரும் சாகல. புதுசுல கால் பிரேக் கெடையாது. பிடியக் கட்டிட்டா அப்புறம் ஓடிப்போய் மெயின் சுவிட்ச அணைக்கணும், இருபது அடி. அத யாரு அவங்களுக்குச் சொன்னது? ஃபோர்மேன் பத்து நிமிஷம் நின்னு, இது தூக்கும், இது இறக்கும், எல்லாம் அதேதான்னுட்டுப் போயிட்டான். சொன்னது அந்தத் தகடு மட்டும்தான்.

சரி, தகட்ட மாட்டினாங்க. இதுவும் கேள்விப்பட்டதுதான், கோஸ்மாஸ் மாமா சொன்னது. தகரத்துல எழுத்து எழும்பி நிக்கற மாதிரி அடிச்ச தகடு. காலைல ஆளுங்க வந்து நிமிந்து பாத்தா, தலைக்கு மேல முதல் வரியில செத்தவன். அதுவும் நிக்கொலா திருநாள் வாரத்துல! கடல்ல பொழைக்கறவன் தலைக்கு மேல சாவ எழுதித் தொங்கவிட்டா சும்மா இருப்பானா? ஒவ்வொருத்தனும் மூணு தரம் துப்பினான். தூ தூ தூ. அதோட ஒரு சிலுவை. வயசான ஆளு ஒருத்தரு அன்னைக்கு வின்ச் பக்கமே வரமாட்டேன்னுட்டாராம். ரெண்டாவது வரிய எவன் படிச்சான்? செத்தவன்னு ஆரம்பிக்கற எதையும் நம்ம ஆளு முழுசாப் படிக்க மாட்டான் சார். சாவுச் செய்திய விளக்குக் கம்பத்துல ஒட்டியிருந்தாக்கூட பேர மட்டும் பாத்துட்டுப் போயிருவோம்.

திருநாள் முடிஞ்ச திங்கக்கிழமை அது மேல நிக்கொலா படம் ஒட்டியாச்சு. அழகா, சரியா அந்தத் தகட்டோட அளவுக்கு. அப்புறம்தான் ஆளுங்க நிம்மதியா வேலை பாத்தாங்க.

இருங்க, நீங்க தலையாட்டாதீங்க. படமெல்லாம் எதுவும் இல்லைன்னா சொல்றீங்க? பட்டறைக்காரன் குடுத்த போட்டோவுல இல்ல. சரி. போட்டோ என்னைக்கு எடுத்தது? வியாழக்கிழமை. கை போனது என்னைக்கு? செவ்வாக்கிழமை. நடுவுல ஒரு புதன் இருக்குல்ல.

நீங்க ஜனவரியில அங்க போனீங்களா இல்லையா? கடல மந்திரிக்கற பண்டிகைக்கு அடுத்த வாரம். கோஸ்மாஸ் மாமா சொன்னாரு. மூணாம் மேடைக்கு வந்தீங்க. வின்ச்சுக்கு முன்னால நின்னீங்க. புனித நிக்கொலாவ அண்ணாந்து பாத்தீங்க, தொப்பிய எடுத்தீங்க, சிலுவை போட்டுக்கிட்டீங்க, அடுத்த மேடைக்குப் போயிட்டீங்க. ஏன் சார், இந்த மெஷினோட தகடு எங்க இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அதுதானே உங்க வேலை? படத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு தூக்கிப் பாக்க உங்களுக்கும் கை வரல, எங்களுக்கும் கை வரல.

பாருங்க, மொகம் செவக்குது. ஞாபகம் வந்துருச்சு.

நான் உங்கள மட்டும் திட்டல. நீங்க வரிசையில அஞ்சாவது ஆறாவது ஆளு. முன்னால நிறைய பேர் நிக்கறாங்க.

அன்னைக்கு என்ன நடந்துதுன்னா, தவக்காலம் தொடங்கற, பட்டம் விடற திங்கக்கிழமைக்கு மறுநாள். ஊர்ல பாதிப் பேரு தீவுக்குப் போயிட்டுத் திரும்பல. வின்ச்சுக்கு ரெண்டு ஆள் வேணும், கோஸ்மாஸ் மாமா ஒருத்தருதான் இருந்தாரு. பிடியையும் பாக்கணும், வடத்தையும் பாக்கணும். இருபது வருஷப் பழக்கம், கழுத்துல கெடந்த துண்ட எடுத்துப் பிடியக் கட்டினாரு. எங்கப்பா உருளைகிட்ட வடத்த வரிசையாப் படிய வச்சுட்டிருந்தாரு. கையுறை மாட்டிக்கிச்சு. மைனா, மைனான்னு கத்தினாராம். இறக்கு இறக்குன்னு. மாமா காலத் தூக்கி மிதிச்சாரு.

அங்க பிரேக் இல்ல.

அவரு கால் தரையவே உதைச்சுக்கிட்டிருந்துதாம் சார். நாலு தரம், அஞ்சு தரம். இருபது வருஷமா அங்க இருந்ததத் தேடி உதைச்சிருக்கு. அப்புறம்தான் அவருக்கு உறைச்சிருக்கு. அப்புறம்தான் ஓடினாரு. இருபது அடி. அறுபத்திரெண்டு வயசு மனுஷன், எவ்வளவு வேகமா ஓடுவாரு? எங்கம்மாகிட்ட இதச் சொல்லும்போது ஆஸ்பத்திரித் தரையில உக்காந்து அந்தக் காலையே அடிச்சுக்கிட்டாராம். அண்ணி, என் கால வெட்டிருங்க அண்ணின்னாராம்.

இந்த ஆளத்தான் நீங்க குத்தவாளின்னு எழுதப் போறீங்க, நான் கீழ கையெழுத்துப் போடணும். மொழிபெயர்ப்பு சரின்னு.

இல்ல, நான் கத்தல. கத்தறேனா? சரி, கத்தறேன். கதவச் சாத்துங்க.

புதன்கிழமை ஃபோர்மேன் படத்த உரிச்செடுத்து, தின்னர் ஊத்தித் தகட்டத் தொடைச்சு, படத்தக் குப்பைத் தொட்டியில போட்டுட்டான். அங்கதான் அவன் கணக்குத் தப்பிப் போச்சு. நம்ம ஆளு குப்பையில சாமி படம் கெடந்தா விடுவானா? எரிக்கணும், இல்ல கோயில்ல குடுக்கணும். கோஸ்மாஸ் மாமா தன் உடுப்ப எடுக்கப் போனவரு தொட்டியில நிக்கொலா மொகத்தப் பாத்துட்டு, தொடைச்சு எடுத்துச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டாரு. எங்கம்மாகிட்ட குடுத்தாரு. எங்கம்மா அத எங்கப்பா தலையணைக்குக் கீழ வச்சா.

எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. ஊசி போட்டுப் போட்டு மயக்கத்துலயே இருக்காரு. முழிப்பு வரும்போதெல்லாம் கோஸ்மாஸத் திட்டறதில்ல. ஃபோர்மேனத் திட்டறதில்ல. எவனோ ஒரு படிச்ச கழுதை செத்தவன்னு எழுதி வச்சான் பாரு, அன்னைக்கே வெனை வந்துச்சு, அப்படிங்கறாரு. முந்தாநாள் என் கையப் புடிச்சுக்கிட்டு, இடது கையால, அசிமினா, நீ படிச்சவடீ, அந்தக் கழுதை யாருன்னு நீ கண்டுபுடிச்சுச் சொல்லும்மான்னாரு.

கண்டுபுடிச்சுச் சொல்றேன்ப்பான்னேன்.

இந்தக் காகிதத்த இப்படிக் குடுங்க. பேனாவும் குடுங்க. கையெழுத்துப் போடறேன் சார், போட மாட்டேன்னு சொல்லவேயில்லையே. மொழிபெயர்ப்பு சரின்னு எழுதுங்க. அதுக்குக் கீழ இன்னும் மூணு வரி நான் என் கையால எழுதுவேன். தகடு டிசம்பர்லேருந்து மூடியிருந்துதுன்னு ஒண்ணு. ஆய்வாளர் ஜனவரியில அத மூடினபடி பாத்தாருன்னு ஒண்ணு. அது உங்களுக்குப் பிடிக்காட்டி நீங்களே வேற காகிதம் எடுத்து எழுதிக்குங்க, எனக்கு அவசரமில்ல. மூணாவது வரி, மூடச் சொன்னது யாருங்கறது.

இல்ல, கோஸ்மாஸ் இல்ல. ஒட்டினது எங்கப்பா. மூடச் சொன்னது அவரு இல்ல.

அந்த நிக்கொலா திருநாளுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, மத்தியானச் சாப்பாடு. எங்கம்மா பசலைக்கீரை போட்டுக் கணவாய் சமைச்சிருந்தா. நான் பெராமாவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கப்பா சாப்பிடாம பொருமிக்கிட்டிருந்தாரு. எந்தக் கழுதை எழுதினான்னு தெரியல, தலைக்கு மேல செத்தவன்னு எழுதி வச்சிருக்கான், அதுக்குப் பேரு அம்மான்னு அவனுக்கு யாருமே சொல்லலையா, பொறந்த வீட்டுல அவனுக்கு அம்மா இல்லையான்னு. கோஸ்மாஸ் மாமாவும் இருந்தாரு, ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் திட்டறாங்க. நான் எதிர்ல உக்காந்து கணவாயத் துண்டு போட்டுட்டிருக்கேன். நான்தாம்ப்பா அதுன்னு சொல்லியிருக்கலாம். கீழ ரெண்டாவது வரி ஒண்ணு இருக்குப்பா, அதப் படிச்சீங்களான்னு கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். எனக்கு அந்தப் பேச்சு நின்னாப் போதும்னு இருந்துச்சு. எந்திரிச்சுப் போய் அலமாரி இழுப்பறையத் தொறந்தேன். கோயில் காலண்டரோட வந்த நிக்கொலா படம் ஒண்ணு கெடந்துச்சு, கெட்டி அட்டை. எங்கப்பா முன்னால வச்சேன். சும்மாத் திட்டிக்கிட்டே இருக்காதீங்கப்பா, இத அது மேல ஒட்டிருங்கன்னேன். இழுப்பறையிலயே பசையும் இருந்துச்சு. அதையும் நான்தான் எடுத்துக் குடுத்தேன். எங்கப்பா சிரிச்சாரு. பாத்தியா கோஸ்மாஸ், படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்னாரு.

எழுதுங்க சார். ஏன் நிறுத்திட்டீங்க? இது கேள்விப்பட்டது இல்ல.

எங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல. இங்கேருந்து நேரா அங்கதான் போறேன். மேடம் வந்ததும் மூணாவது கட்டத்தத் திருத்திட்டுப் போவேன்.

இந்தாங்க, படம். தலையணைக்குக் கீழேருந்து எடுத்துட்டு வந்துட்டேன். மொகத்தப் பாக்காதீங்க, திருப்புங்க. வெரலால தடவிப் பாருங்க. பசை ஈரமா இருக்கும்போது எங்கப்பா கட்டைவெரலால அழுத்தி அழுத்தி ஒட்டியிருக்காரு, தகட்டோட எழுத்து அத்தனையும் அட்டையோட முதுகுல பதிஞ்சு காஞ்சிருக்கு. இடவலமா. பட்டறைக்காரன் இல்லைன்னு சொல்ல முடியாது. நேத்து ஆஸ்பத்திரிக் கழிவறையில கண்ணாடி முன்னால புடிச்சுப் பாத்தேன். ரெண்டாவது வரி முழுசா இருக்கு. இதில் வேறு பிரேக் இல்லை, ஒருபோதும் கட்டாதே. நாலு தரம் படிச்சேன் சார். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல.